பாகற்காய்க்குக் காகிதச் சட்டை

பழ ஈ புழு வைக்காமல் இருக்க 34 பாகற்காய்க்குக் காகிதம் சுற்றினேன். 29 புழு இல்லாமல் வந்தன. மூன்று உள்ளேயே அழுகிவிட்டன, இரண்டில் புழு. சுற்றாமல் விட்ட ஒன்பதில் ஏழு போச்சு.

பொங்கலுக்கு முதல் நாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து இந்தக் கணக்கை எழுதினேன். ஆலையில் லாக் புத்தகம் எழுதி எழுதிக் கை அப்படியே பழகிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு பாகக்காய்க்கு இவ்ளோ கணக்கா தம்பி?" என்றார். நாலு பாகற்காய் இல்லை, மூன்று நடவு. முதலாவது மண்ணில் போச்சு, இரண்டாவது ஈயில் போச்சு, மூன்றாவதுதான் சட்டிக்கு வந்தது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலை எனக்கு. வீடு ஊருக்குள் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், ஒற்றை மாடி வரிசை வீடு. பின்னால் 14 அடிக்கு 20 அடி நிலம். எங்கள் ஊரில் 'தோட்டம்' என்றால் எஸ்டேட்தான். அம்மா அங்கே முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர். முதலில் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தார், மரத்தையெல்லாம் சாய்த்துச் செம்பனை போட்ட பிறகு வெளிக்காட்டு வேலைக்குப் போனார். அதனால் நான் 'வீட்டுத் தோட்டம்' என்று சொன்னால், "எத்தனை ஏக்கர்? மண்டோர் யாரு?" என்று கேட்பார். மண்டோர் என்றால் எஸ்டேட் மேஸ்திரி.

லயத்து வீட்டை, எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீட்டை, விட்டு வரும்போது அவர் கூடவே மூன்று தொட்டி வந்தது: கறிவேப்பிலை, துளசி, குண்டுமல்லி. மற்றதெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. அதில் அவர் அதிகம் சொல்லிக் குறைப்பட்டது பாகற்கொடியைத்தான். பசாரில் வாங்குகிற காய் தண்ணீராக இருக்கிறதாம், கசப்பே இல்லையாம். சரி, போட்டுப் பார்ப்போம் என்று போன வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு சங்கோலை, அதாவது மண்வெட்டியை, எடுத்தேன்.

நாலு அங்குலம்கூட இறங்கவில்லை, டங் என்றது. தாமான் கட்டும்போது நிலம் நிரப்பிய குப்பை: சிமெண்டுக் கட்டி, ஓட்டுத் துண்டு, ஒரு இடத்தில் முழுச் செங்கல். அதற்குக் கீழே செம்மண் களி. இரண்டு நாளில் எட்டுத் தள்ளுவண்டி குப்பை வெளியே போனது. சாயங்காலம் ஓர் அடிக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வைத்தேன். காலையில் பார்த்தால் இன்னும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கிறது. இதில் எந்தச் செடியின் வேரும் மூச்சு விடாது. மேட்டுப் பாத்தி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

12 அடி நீளம், 3 அடி அகலம், 10 அங்குல உயரத்தில் இரண்டு பாத்தி கட்டினேன். பழைய இரும்புக் கடையில் 20 வெள்ளிக்குக் (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்) கூரைத் தகரம் வாங்கி, கிரைண்டரால் 10 அங்குலப் பட்டையாக வெட்டி, இரண்டடிக்கு ஒரு குழாய்த் துண்டை மண்ணில் அடித்து அதோடு சேர்த்துக் கட்டினேன். வெட்டிய தகரத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அம்மா எப்படியும் பாத்தி ஓரத்தில் கையூன்றித்தான் எழுந்திருப்பார். பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி விளிம்பு முழுவதும் மாட்டிவிட்டேன். இந்த மொத்த வேலையில் முதல் தடவையே சரியாக வந்தது அந்தக் குழாய் ஒன்றுதான்.

பாத்தியை நிரப்ப எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆலையில் பழம் உதிர்ந்த வெறும் குலை, நாங்கள் தண்டான் கோசோங் என்போம், மலை மாதிரி கிடக்கும். கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிக்கப்பில் இரண்டு நடை கொண்டுவந்து பாதி உயரத்துக்கு அடியில் போட்டேன். மேலே தோண்டிய செம்மண்ணும் பத்து மூட்டை கறுப்பு மண்ணும் கலந்து பரப்பினேன். மூட்டை 6 வெள்ளி. மிஞ்சிய குலையை வேலி மூலையில் குவித்து வைத்தேன். பின்னாடி உதவும் என்று நினைத்தேன். உதவியது, ஆனால் எனக்கு இல்லை, வண்டுக்கு. அதை அப்புறம் சொல்கிறேன்.

மண்ணின் புளிப்பைப் பார்க்க 18 வெள்ளிக்கு இரண்டு முள் வைத்த மீட்டர் ஒன்று வாங்கினேன். குத்தினால் 7 காட்டியது. 7 என்றால் நடு அளவு, அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு. ரொம்ப நல்ல மண் என்று நம்பி விதை போட்டேன்: பாகல், வெண்டை, கத்தரி, மிளகாய்.

பாகல் 12 விதையில் ஐந்துதான் முளைத்தது, அதுவும் பன்னிரண்டு நாள் கழித்து. முளைத்தது நாலாம் வாரம் மஞ்சளாகி நின்றது. வெண்டை ஒரு சாண் உயரத்தில் பூ விட்டுத் தன் கடமையை முடித்துக்கொண்டது. பச்சை நிற உரம், தழை மணி சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள அந்த 15-15-15, கொஞ்சம் போட்டேன், அசையவில்லை. ஒரு வெண்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் பரவவே இல்லை. குட்டையாக, தடித்து, நுனி பழுப்பாக இருந்தது.

அப்போதுதான் மீட்டர்மேல் சந்தேகம் வந்தது. குழாய்த் தண்ணீரில் வைத்தேன், 7. அம்மா ரசத்துக்குக் கரைத்து வைத்திருந்த புளித்தண்ணீரில் வைத்தேன், அதிலும் 7. ஆலையில் கொதிகலன் தண்ணீர் பார்க்கிற லேப்பில் நிஜமான பிஎச் மீட்டர் இருக்கிறது. அங்கே இருக்கும் தம்பியிடம் சொல்லி, 10 கிராம் காய்ந்த மண்ணை 25 மில்லி சுத்த நீரில் கலக்கி, அரைமணி நேரம் வைத்துப் பார்த்தோம். 4.4. அந்தத் தம்பி, "அண்ணே, இதுல ஆணி போட்டா கரைஞ்சிடும்" என்றான். அவ்வளவு மோசம் இல்லை. நம் செம்மண் இயல்பாகவே இப்படித்தான் இருக்கும். செம்பனை தாங்கும், பால்மரமும் தாங்கும். வெண்டையும் பாகலும் தாங்காது. இவ்வளவு புளிப்பில் மண்ணிலிருக்கிற அலுமினியம் கரைந்து வேர் நுனியைச் சுட்டுவிடும். அதன் பிறகு மேலே எத்தனை உரம் போட்டாலும் எடுத்துக்கொள்ள வேர் இல்லை.

போதாக்குறைக்கு அந்தப் பச்சைக் குலை. மக்காத குலையை மண்ணுக்குள் புதைத்தால், அது மக்குவதற்கு மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத்தான் முதலில் இழுக்கும். செடி மஞ்சளானதில் பாதிக் குற்றம் இதற்கு. மூன்று மாதத்தில் பாத்தி வேறு மூன்று அங்குலம் உள்வாங்கிவிட்டது.

அம்மாவுக்கு இதெல்லாம் ஆச்சரியம். "லயத்துப் பின்னால துப்புன விதையெல்லாம் மொளைச்சுச்சு. சுண்ணாம்பா போட்டோம்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். சுண்ணாம்பு போடவில்லை, சாம்பல் போட்டார்கள். பால்மர விறகு எரித்த அடுப்புச் சாம்பல் தினமும் கொல்லைக்குத்தான் போகும். பக்கத்து லயத்தில் மாடு கட்டியிருந்தார்கள், சாணமும் அங்கேதான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த மண்ணில் சாம்பல் விழுந்துகொண்டிருந்தது. சாம்பல் புளிப்பை முறிக்கும். நான் ஒரு மாதத்தில் எதிர்பார்த்தது அங்கே பல வருடச் சாம்பலால் ஆனது.

நம்மிடம் கேஸ் அடுப்பு. ஈப்போ போகிற வழியெல்லாம் சுண்ணாம்புக் குன்று, என் பாத்தியில் சுண்ணாம்புக்குப் பஞ்சம். விவசாயக் கடையில் 10 கிலோ டோலமைட் சுண்ணாம்புத் தூள் 12 வெள்ளி. சதுர மீட்டருக்கு 300 கிராம் கணக்கில் இரண்டு பாத்திக்கும் 2 கிலோ தூவிக் கொத்திவிட்டேன். வேலை ஒரே நாளில் முடியட்டும் என்று அதோடு மூன்று மூட்டை கோழி எருவையும் சேர்த்துக் கலந்தேன்.

செய்யக்கூடாது. எரு பச்சையாக இருந்தால் சுண்ணாம்பு பட்டதும் அதிலுள்ள தழைச்சத்து அமோனியாவாகக் கிளம்பிவிடும். 30 வெள்ளி எருவில் ஒரு பங்கு நாற்றமாகப் பறந்தது. அடுத்த வீட்டு மக் சிக், மலாய்க்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம், விடியற்காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, கட்டி விற்பவர். அன்றைக்கு ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டார். வேலிக்கு மேல் தலையை நீட்டி என்ன செத்துப்போச்சு என்று கேட்டார். சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் மன்னிப்புக் கேட்டு வந்தேன்.

நாலு வாரம் கழித்து 5.3. இன்னொரு ஒன்றரைக் கிலோ போட்டேன். ஜூன் தொடக்கத்தில் 6.1. இந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம், வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

நடுவில் மக் சிக் தென்னையின் கதை. மே மாதம் அவர் வீட்டுத் தென்னை ஓலை விசிறி மாதிரி, கத்தரியால் முக்கோணமாக வெட்டியது போல விரிந்தது. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தால் ஓலை விரியும்போது அப்படித்தான் தெரியும். ஆலைக்காரன் எனக்கு இது உடனே உறைத்திருக்க வேண்டும். என் மூலையில் குவித்து வைத்த குலையைக் கிளறினேன். கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு, சுருண்டு சுருண்டு. 41 எண்ணினேன், மீதியைக் கோழி எண்ணியது. எஸ்டேட்டில் குலையை மரங்களுக்கு நடுவில் ஒற்றை அடுக்காகத்தான் பரப்புவார்கள். குவித்தால் வண்டு முட்டையிடும் என்று மண்டோர் கத்துவது என் காதில் விழாத நாள் இல்லை. வீட்டில் வந்து குவித்தேன். குவியலைப் பிரித்துப் பாத்தி மேல் மூடாக்காக ஒரே அடுக்கில் பரப்பினேன். மண்ணுக்கு அடியில் கெடுதல் செய்த அதே குலை மேலே கிடந்தால் நல்லது செய்கிறது. வெயிலில் மண் காயவில்லை, களை குறைந்தது. மெதுவாக மக்கி சாம்பல்சத்தும் இறங்கும்.

இரண்டாம் நடவுக்கு முன் பந்தல். இது என் தொழில், அதனால் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டேன். ஒரு அங்குலப் பழைய இரும்புக் குழாய் 45 வெள்ளிக்கு. 12 அடிக்கு 6 அடி, உயரம் 7 அடி. மூலையெல்லாம் வெல்டிங் வைத்து, மேலே நைலான் வலை 15 வெள்ளிக்கு. அம்மா ஒரு காலைத் தட்டிப் பார்த்து, "இதுல கார் நிறுத்தலாம்" என்றார். காற்றுக்கும் மழைக்கும் அசையவில்லை. ஆனால் 7 அடி உயரத்தில் காய் தொங்கினால் ஒவ்வொன்றுக்கும் ஏணி வேண்டும் என்பதை வெல்டிங் வைக்கும்போது நினைக்கவில்லை.

விதை விஷயத்தில் இந்த முறை அம்மா சொன்னதைக் கேட்டேன். பாகல் விதையின் ஓடு கெட்டி. கூர்முனையை நகவெட்டியால் லேசாக நறுக்கி, ஓர் இரவு ஊற வைத்து, ஈரத் துணியில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்தால் நாலாம் நாள் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். பத்தில் எட்டு வந்தது. ஆறை நட்டேன், இரண்டடிக்கு ஒன்று. தரையிலிருந்து இரண்டடி வரை வந்த பக்கக் கொடியைக் கிள்ளிவிட்டேன். பத்து நாளுக்கு ஒரு முறை ஒரு மேசைக்கரண்டி பச்சை உரம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. பூ வந்ததும் சாம்பல்சத்து கூடிய நீல உரத்துக்கு மாறினேன்.

கொடி பந்தலை மூடியது. முதல் பத்து நாள் வெறும் ஆண் பூ, பிறகு பின்னால் குட்டிக் காயோடு பெண் பூ. காலையில் தேனீ. ஜூலைக் கடைசியில் விரல் நீளத்துக்கு 20 காய்க்கு மேல் தொங்கியது. படம் எடுத்துக் குடும்ப வாட்சப்பில் போட்டேன். கிள்ளானில் இருக்கும் அத்தை ஒரு கிலோவுக்குச் சொல்லி வைத்தார்.

ஒரு வாரத்தில் காய் ஒவ்வொன்றாகக் கோணியது. ஒரு பக்கம் சின்னப் புள்ளி, அதில் பிசின் மாதிரி ஒரு துளி, அந்தப் பக்கம் மட்டும் வளராமல் காய் வளைந்து, பிஞ்சிலேயே மஞ்சள். பிளந்தால் உள்ளே கூழ், கூழுக்குள் வெள்ளைப் புழு துள்ளுகிறது. பழ ஈ. தோலுக்குள் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். ஓரிரு நாளில் புழு, ஒரு வாரம் தின்னும், பிறகு மண்ணில் இறங்கிக் கூடாகும்.

இணையத்தில் தேடி, 'எல்லா பழ ஈக்கும்' என்று எழுதியிருந்த மருந்து ஒன்றை 22 வெள்ளிக்கு வரவழைத்தேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலில் ஒரு சென்டிமீட்டர் அளவில் நாலு ஓட்டை, உள்ளே கம்பியில் மருந்து நனைத்த பஞ்சு, அடியில் சோப்புத் தண்ணீர். தொங்கவிட்ட முதல் நாளே இருபது ஈ. ஒரு வாரத்தில் எண்ண முடியவில்லை. பாட்டிலை எல்லாருக்கும் காட்டினேன். அடுத்த வாரக் காயிலும் அதே புழு. அதற்கடுத்த வாரமும்.

இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு ஈப்போவில் ஒரு விவசாயக் கடைத் தவ்கேயிடம், அதாவது முதலாளியிடம், பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உள்ளே பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "உனக்குக் கொய்யாவா, பாகலா?"

விஷயம் இதுதான். என் மருந்து மெத்தில் யூஜினால். அதற்கு வருவது மா, கொய்யா, நட்சத்திரப் பழத்தைக் கெடுக்கிற ஈ, அதிலும் ஆண் மட்டும். பாகல், புடலை, பீர்க்கு, வெள்ளரியைக் கெடுப்பது வேறு ஈ. அதன் ஆண் வருவது கியூ லூர் என்ற வேறு வாசனைக்கு. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டேன். பாட்டிலில் கிடந்ததற்கு முதுகு கறுப்பு, சிறகு தெளிவு. பாகற்காய் மேல் உட்கார்ந்திருந்ததைப் பிடித்துப் பார்த்தால் உடம்பு செம்மஞ்சள், சிறகின் நுனியில் பழுப்புக் கறை. ஒரு மாதம் ஊரில் உள்ள கொய்யாவுக்கெல்லாம் காவல் காத்திருக்கிறேன். அம்மாவின் துளசியில் அடிக்கடி ஈ மொய்ப்பதற்கும் காரணம் அப்போதுதான் தெரிந்தது. துளசி இலையிலேயே அந்த மெத்தில் யூஜினால் இருக்கிறது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. புழு விழுந்த காயை எல்லாம் வேலியோரம் இருந்த உரக்குழியில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். புழுவுக்குச் சாப்பாடும் போட்டு, கூடாக மெத்தை மண்ணும் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புது ஈயாகப் பந்தலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது நானே. அந்த நடவில் சமைக்கக் கிடைத்தது இரண்டே காய். அத்தைக்கு வாட்சப்பில் மன்னிப்பு.

செப்டம்பரில் கொடியைப் பிடுங்கி, பழுதான காய் எல்லாவற்றையும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, தகரத்தின் மேல் ஒரு வாரம் வெயிலில் வைத்தேன். பையைத் திறந்து பார்க்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

மூன்றாம் நடவு நவம்பர் முதல் வாரம். மழைக்காலம்தான், ஆனால் மேட்டுப் பாத்தி என்பதால் தண்ணீர் நிற்கவில்லை. கூரைத் தண்ணீர் பிடிக்க ஒரு நீலத் தோங் (பீப்பாய்) வைத்தேன். வாயில் கொசுவலை கட்டிச் சைக்கிள் டியூபால் இறுக்கினேன். கொசுப்புழு இருந்தால் 500 வெள்ளி அபராதம். அதைக் கட்டினால் என் பாகற்காய் உலகத்திலேயே விலை கூடிய காயாகிவிடும்.

கியூ லூர் 16 வெள்ளி. அதே பாட்டில், அதே ஓட்டை. விழுந்த ஈ முன்னைவிட ரொம்பக் குறைவு, வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு, ஆனால் எல்லாம் சிறகில் கறை உள்ளவை. இதுவும் ஆண் ஈயைத்தான் பிடிக்கும். முட்டை போடும் பெண் ஈ வந்துகொண்டேதான் இருக்கும்.

அதற்கு வழி சொன்னவர் மக் சிக். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் பாட்டிலையும் பூதக்கண்ணாடியையும் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் பொறுக்க முடியாமல், "புங்குஸ்லா!" என்றார். மடித்துக் கட்டு என்று அர்த்தம். அவருடைய கம்போங்கில் (கிராமத்தில்) பாகலுக்குக் காகிதம் கட்டாமல் யாரும் காய் எடுப்பதில்லையாம். இத்தனை நாளாய் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ என்னமோ பெரிசா செய்யிறேன்னு நெனைச்சேன்" என்றார், மலாயில்.

காகிதத்துக்கு அப்பா சேர்த்து வைத்த தமிழ் நேசன் கட்டு ஒன்று அலமாரி மேல் இருந்தது. 2019இல் நின்றுபோன பத்திரிகை. கை வைத்தேன், அம்மா பார்த்த பார்வையில் திரும்ப வைத்துவிட்டேன். வாராவாரம் வாங்கும் மலேசிய நண்பன்தான் சட்டையானது.

அரைத்தாளை நாலு விரல் அகலக் குழலாகச் சுற்றி, 25 சென்டிமீட்டர் நீளம் வைத்து, பக்கத்தில் இரண்டு பின் அடித்துக்கொள்வேன். முந்தின இரவே செய்து வைத்தால் காலையில் வேலை சுருக்கு. காய்மேல் மாட்டி, காம்பைச் சுற்றி மேல்வாயை மடித்து இன்னும் ஒரு பின். காம்பில் பின் படக்கூடாது.

எப்போது மாட்டுவது என்பதில்தான் தடுமாறினேன். ஆர்வத்தில் முதல் ஐந்தைப் பூ விரிவதற்கு முன்பே மூடிவிட்டேன். தேனீ எப்படி உள்ளே போகும்? ஐந்தும் வெம்பி விழுந்தன. அவற்றை மேலே சொன்ன 34இல் சேர்க்கவில்லை, வெட்கம். பூ விரிந்து வாடி, காய் 3 சென்டிமீட்டர் ஆகும்போது மாட்ட வேண்டும். ஞாயிறு ஆலையில் அவசர வேலை என்று போய் மூன்று நாள் தாமதமான இரண்டில்தான் புழு. உள்ளே அழுகிய மூன்றும் அடி வாயை இறுக்கமாக மடித்தவை. மழைத் தண்ணீர் இறங்கித் தங்கிவிட்டது. பிறகு அடியில் ஒரு மூலையை விரல் அளவு வெட்டிவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது. பிளாஸ்டிக் பையிலும் ஒன்று முயன்றேன். மத்தியானம் தொட்டுப் பார்த்தால் உள்ளே வேர்த்துக் கொட்டுகிறது, அன்றே கழற்றிவிட்டேன்.

அடைமழையில் செய்தித்தாள் நாலைந்து நாள்கூடத் தாங்காது. பாதிக் காய்க்கு இரண்டாம் சட்டை போட வேண்டியிருந்தது, ஏணியில் ஏறி.

மாட்டிய பன்னிரண்டு பதிமூன்றாம் நாள் அறுத்தேன். காகிதத்துக்குள் வளர்ந்த காய் வெளிர்ப் பச்சை, கீறல் இல்லை. 29 காய் 4 கிலோ 100 கிராம். முதல் காயை அம்மாதான் பிளந்தார். விதையைச் சுண்டிவிட்டு, உள்ளே ஒரு முறை விரலால் தடவிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுத்தார். அன்றைக்குப் பிட்லை. கசந்தது. நன்றாகவே கசந்தது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. வெண்டை மண் சரியான பிறகு கேட்காமலேயே காய்த்தது. கத்தரி சுமார். கொத்தமல்லி நம் சூட்டில் ஒரு மாதத்திலேயே பூத்துவிடுகிறது, இனி போட மாட்டேன். கறிவேப்பிலையை ஒரு பச்சைப் புழு இரண்டு நாளில் மொட்டையாக்கியது, கையால் பொறுக்கினேன், திரும்பத் துளிர்த்துவிட்டது. தோற்றது குண்டுமல்லி. சுவரோரம் மண்ணில் இறக்கி வைத்தோம். காலை வெயிலை வீடு மறைக்கிறது, மத்தியான வெயிலை என் பந்தல். இரண்டு மணி நேரம்கூட நேர் வெயில் இல்லை. இலை மட்டும் செழிப்பு, பூ இல்லை. அம்மா கோயிலுக்கு இன்னும் பூவைக் கடையில்தான் வாங்குகிறார். மல்லியில் என்ன கோளாறு என்று நானும் மூன்று மாதம் உரத்தை மாற்றி மாற்றிப் போட்டேன்.

செலவு மொத்தம் 272 வெள்ளி. இதில் மீட்டருக்கும் முதல் ஈ மருந்துக்கும் போன 40 வெள்ளி சுத்த நஷ்டம். பசாரில் பாகல் கிலோ 6 வெள்ளிக்கு வாங்கியிருக்கிறேன், ஆக என் அறுவடை 25 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. பந்தலும் பாத்தியும் பத்து வருடம் நிற்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த மாதமே பந்தல் காலை வெட்டி ஐந்தரை அடிக்கு இறக்கப் போகிறேன். ஏணியும் வேண்டாம், மல்லிக்கும் கொஞ்சம் வெயில். மல்லியை ஒரு முழ உயரத்துக்குக் கவாத்து செய்து பார்க்க வேண்டும். சுண்ணாம்பு போட்டு மூன்று வாரம் கழித்துத்தான் எரு. குலையைப் புதைப்பதில்லை. செய்தித்தாளுக்குப் பதில் நாசி லெமாக் மடிக்கிற பழுப்புக் காகிதத்தை முயலப் போகிறேன். ஒரு பக்கம் மெழுகு மாதிரி வழவழப்பு இருப்பதால் மழைக்குத் தாங்கலாம். மக் சிக்கிடம் கேட்டேன். ஐம்பது தாள் கொடுத்தார், விலை இரண்டு காய்.

ஒரு காயை மட்டும் கொடியிலேயே பழுக்க விட்டோம். ஆரஞ்சு நிறமாகி, ஒரு காலையில் மூன்றாக வெடித்துத் திறந்து, உள்ளே சிவப்புச் சதையோடு விதை. மைனா வருவதற்கு முன் எடுத்துவிட்டேன். கழுவிக் காயவைக்க, அம்மா எங்கிருந்தோ ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றைக் கொண்டுவந்தார். லயத்திலிருந்து அதுவும் வந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. 17 விதை. பத்தின் முனையை நறுக்கி நேற்று இரவு ஊறப் போட்டிருக்கிறேன்.